குடிநோய்: சத்தியம் வாங்கியது போதும், சிகிச்சைக்குக் கிளம்புங்கள்
(திருவொற்றியூர் வீடுகளுக்கு 26 குறிப்புகள்)

குடியால் தவிக்கும் வீட்டில் முதலில் நடப்பது சத்தியம் வாங்குவதுதான். வடிவுடையம்மன் சந்நிதியில் கயிறு கட்டுவார்கள், பிள்ளை தலையில் கைவைத்துச் சொல்லச் சொல்வார்கள், மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சத்தியம் செய்கிறவர் அந்த நிமிடத்தில் மனதாரத்தான் செய்கிறார். மூன்றாம் நாள் அவர் உடம்பு அதைக் காப்பாற்ற விடுவதில்லை. அடுத்த சத்தியம், அடுத்த சண்டை என்று வருடங்கள் ஓடிவிடுகின்றன.

டெல்லி எய்ம்ஸ் நடத்தி, 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு ஒரு செய்தியைச் சொன்னது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சையோ உதவியோ பெற்றிருக்கிறார். மற்ற 37 பேரின் வீடுகளும் தனியாகவே போராடுகின்றன. துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் கடலுக்கும் வேலைக்குப் போகிற நம் பகுதி வீடுகளுக்காக இந்தக் குறிப்புகள். தேவைப்படாத வீடாக இருந்தால் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.

அடையாளம் காண

1. அளவைக் கணக்குப் போடுங்கள். "கொஞ்சம்தான்" என்பது அளவாகாது. நம் ஊர்க் கடைகளில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கி பெரும்பாலும் 42.8 சதவீதம். அதில் 30 மி.லி. குடித்தால் சுமார் 10 கிராம் ஆல்கஹால் உள்ளே போகிறது. ஒரு குவாட்டர், அதாவது 180 மி.லி., சுமார் 60 கிராம். "பீர்தானே" என்று விட்டுவிடாதீர்கள். 650 மி.லி. பாட்டிலில் 5 சதவீத பீர் 25 கிராமைத் தாண்டும். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 40 கிராமைத் தாண்டும், அதாவது அரை குவாட்டரான ஒரு கட்டிங்கைவிட அதிகம். ஒரு வாரத்தின் அளவைக் காலண்டரில் குறித்து வையுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கு அது பதில்.

2. காலையில் கையைப் பாருங்கள். இரவு தள்ளாடுவது குடித்ததன் அடையாளம். காலையில் கை நடுங்குவதுதான் அடிமையானதன் அடையாளம். டீ டம்ளர் ஆடுவது, சட்டைப் பொத்தான் போட முடியாமல் தவிப்பது, காரணமில்லாமல் வேர்ப்பது, பல் தேய்க்கும்போது குமட்டுவது, ஒரு கட்டிங் போட்டதும் இவையெல்லாம் அடங்கிவிடுவது. இது தெரிந்த அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

3. ஆறு அறிகுறிகளைச் சரிபாருங்கள். மருத்துவர்கள் பார்ப்பவை இவை: குடிக்க வேண்டும் என்ற அடக்க முடியாத வேட்கை, ஆரம்பித்தால் நிறுத்த முடியாமை, நிறுத்தினால் நடுக்கமும் தூக்கமின்மையும், அதே போதைக்கு அளவு கூடிக்கொண்டே போவது, வேலை, பிள்ளைகள், பொழுதுபோக்கு எல்லாம் பின்னுக்குப் போவது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது. கடந்த ஒரு வருடத்தில் இவற்றில் மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்து இருந்தால் அது குடி அடிமைத்தனம். தினமும் குடித்தால்தான் என்றில்லை.

4. நான்கு கேள்விகள் கேளுங்கள், முடிந்தால் அவரே தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும். குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா? யாராவது குடியைப் பற்றிச் சொன்னால் எரிச்சல் வருகிறதா? குடித்ததற்காக மனம் குத்துகிறதா? காலையில் எழுந்ததும் நடுக்கம் தீர, தலைபாரம் தீரக் குடித்ததுண்டா? உலகெங்கும் மருத்துவர்கள் கையாளும் எளிய சோதனை இது. இரண்டுக்கு "ஆமாம்" வந்தாலே மருத்துவரிடம் பேச வேண்டும்.

5. "எவ்வளவு போட்டாலும் ஸ்டெடியா நிப்பாரு" என்று பெருமைப்படாதீர்கள். மூளை அந்த அளவுக்குப் பழகிப்போனதால்தான் தள்ளாட்டம் தெரியவில்லை. கல்லீரலுக்கு அந்தப் பழக்கம் வராது, அது ஒவ்வொரு பாட்டிலுக்கும் அடிபடுகிறது.

6. மாலை போட்ட நாட்களைச் சான்றாக எடுக்காதீர்கள். "சபரிமலைக்கு மாலை போட்டு 48 நாள் தொடாம இருந்தேனே, நான் எப்படி அடிமை?" என்று கேட்பார். நாள் குறித்து நிறுத்த முடிகிறது என்பதால் நோய் இல்லை என்றாகாது. மலையிறங்கிய வாரமே பழைய அளவுக்குத் திரும்பினாரா என்று பாருங்கள், விடை அதில் இருக்கிறது. அதே சமயம், அத்தனை நாள் இருந்து காட்டியவருக்கு மன உறுதி இருக்கிறது. அதைச் சொல்லிக்காட்டிப் பாராட்டி, அந்த உறுதியோடு சிகிச்சையையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

7. "உடம்பு வலிக்கு, தூக்கத்துக்கு" என்ற காரணத்தை விசாரியுங்கள். மூட்டை தூக்குகிறவர், வலை இழுக்கிறவர், இரவு ஷிப்டு பார்க்கிறவர் சொல்லும் வலி உண்மையானது. ஆனால் மது சீக்கிரம் கண்ணைச் செருகவைத்துவிட்டு, பின்னிரவில் தூக்கத்தைக் கெடுத்துவிடும். விடியற்காலையில் விழிப்பு, காலையில் அசதி, மாலையில் மறுபடி கடை என்று அது சுற்றிக்கொண்டே இருக்கும். வலிக்கு எலும்பு மருத்துவரிடமும், தூக்கமின்மைக்கு மனநல மருத்துவரிடமும் காட்டுங்கள். காரணம் தீர்ந்தால் பாதிப் பிடி தளரும்.

8. உடம்பு சொல்வதைக் கேளுங்கள். பசியின்மை, எடை குறைதல், கால் எரிச்சல், கண் மஞ்சள், வயிறு வீங்குதல், கால் வீக்கம், ரத்த வாந்தி, கறுத்த மலம். கடைசி இரண்டில் எது வந்தாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். மற்றவற்றுக்குக் கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுங்கள். ஆரம்பக் கட்டத்தில் குடியை நிறுத்தினாலே கல்லீரல் பெரும்பாலும் தேறிவிடும். சுருங்கிப்போன பிறகு பழையபடி ஆகாது.

9. பெண்களையும் பெரியவர்களையும் விட்டுவிடாதீர்கள். குடிக்கும் பெண்கள் அவமானத்துக்குப் பயந்து கடைசி வரை மறைத்துவிடுகிறார்கள். பெண் உடம்பில் குறைந்த அளவே கல்லீரலைச் சீக்கிரம் பாதிக்கும். கர்ப்பத்தில் எந்த அளவும் குழந்தைக்கு ஆபத்து. பணி ஓய்வு பெற்ற அப்பா, மனைவியை இழந்த தாத்தா தனிமையில் குடிப்பதை "வயசான காலத்துல போகட்டும்" என்று விடாதீர்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிவதிலும், மாத்திரைகளோடு மது கலப்பதிலும் ஆபத்து இருக்கிறது.

உயிருக்கு ஆபத்தான நேரங்கள்

10. தினமும் நிறையக் குடிக்கிறவரைத் திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள். இந்தப் பட்டியலில் மிக முக்கியமான குறிப்பு இதுதான். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை குழப்பம், இல்லாத உருவம் தெரிவது, இல்லாத குரல் கேட்பது, காய்ச்சல், படபடப்பு என்று முற்றி உயிரையே பறிக்கலாம். 2020 ஊரடங்கில் சென்னை மாநகரின் டாஸ்மாக் கடைகள் மார்ச் இறுதியிலிருந்து ஆகஸ்ட் 18 வரை மூடியிருந்தன. அப்போது பல வீடுகள் இதைக் கண்ணால் பார்த்தன. அறையில் பூட்டி வைப்பதும், கயிறு கட்டி அன்றே நிறுத்தச் சொல்வதும் இந்த ஆபத்தைத்தான் வரவழைக்கும். நிறுத்தும் நாளை மருத்துவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

11. வேறு காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் குடியைச் சொல்லிவிடுங்கள். விபத்தில் கால் முறிந்தோ, குடலிறக்க அறுவைக்கோ சேர்த்தவருக்கு மூன்றாம் நாள் திடீரெனப் பிதற்றல் வந்தால், பலமுறை காரணம் நின்றுபோன குடிதான். சேர்க்கும்போதே "டெய்லி இவ்வளவு குடிப்பார்" என்று சொன்னால் முன்கூட்டியே மருந்து கொடுத்துத் தடுத்துவிடுவார்கள். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் பல நாள் தங்கி மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். மோசமான இரண்டாம், மூன்றாம் நாள் நடுக்கடலில் வந்தால் உதவிக்கு ஆளில்லை. தினமும் குடிக்கிறவர் என்றால், போவதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

12. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுக்காதீர்கள். இரும்பு வலிப்பை நிறுத்தாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் துணி வையுங்கள், சட்டையைத் தளர்த்துங்கள், சுற்றியுள்ள பாத்திரம், நாற்காலியை நகர்த்துங்கள். வாயில் ஸ்பூனோ தண்ணீரோ விரலோ வைக்கக் கூடாது. 108-க்கு அழையுங்கள். வலிப்பு தானாக நின்றுவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

13. "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா சரியாகிடும்" என்று நம்பாதீர்கள். சரியாகச் சாப்பிடாமல் குடித்தே வந்தவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைப் பாதிப்பு மோசமாகலாம். தெருமுனை கிளினிக்காக இருந்தாலும், "சார், இவர் தினமும் குடிக்கிறவர், சாப்பாடு இல்லை" என்று முதலில் சொல்லுங்கள். குடிக்காதபோதும் நடை தள்ளாடி, கண் அலைந்து, பேச்சு குழம்பினால் அது அவசர நிலை.

14. எழுப்ப முடியாமல் கிடந்தால் தூங்கட்டும் என்று விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து மூச்சைக் கவனியுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதுவும் ஊற்ற வேண்டாம். தலையில் தண்ணீர் கொட்ட வேண்டாம். மூச்சு மெதுவாகி, உடல் சில்லிட்டு, உதடு நீலமானால் உடனே 108. நினைவோடு இருப்பவர் கண் மங்கல், கடும் வயிற்று வலி, மூச்சிரைப்பு என்று சொன்னால் மெத்தனால் கலந்த சாராயமாக இருக்கலாம். அந்த அறிகுறிகள் குடித்துப் பல மணி நேரம் கழித்தும் வரும். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் உயிர்களைப் பறித்தது மெத்தனால்தான். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். மாற்று மருந்தும் டயாலிசிஸும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். போலீசுக்குப் பயந்து தாமதிக்காதீர்கள். கள்ளச்சாராயம் விற்பது தெரிந்தால் 10581 என்ற கட்டணமில்லா எண்ணில் தகவல் சொல்லலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

15. போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். இரவு கேட்ட கேள்வி காலையில் அவர் நினைவில் இருக்காது. போதையும் இல்லாமல், நடுக்கமும் இல்லாமல் இருக்கும் நேரம் பாருங்கள். குணத்தைத் திட்டாமல், கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். "என்னங்க, சண்டை போட வரல. காலைல டம்ளரைப் பிடிக்க முடியாம உங்க கை ஆடுது, எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம், நானும் கூட வரேன்." அவ்வளவு போதும். மறுத்தால் விட்டுவிட்டு, வேறொரு நாள் மறுபடி சொல்லுங்கள். அவர் மதிக்கும் தாய்மாமனோ, மேஸ்திரியோ, சங்கத்து அண்ணனோ சொன்னால் இன்னும் நல்லது.

16. பொய் சொல்லிக் காப்பாற்றாதீர்கள். "அவருக்குக் காய்ச்சல் சார்" என்று கம்பெனிக்குப் போன் செய்வது, கடைக் கடனை நகை அடகு வைத்து அடைப்பது, வாந்தியைத் துடைத்து நடந்ததே தெரியாமல் செய்வது, இவையெல்லாம் அன்பினால் செய்பவை. ஆனால் குடியின் விளைவு அவர் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் காப்பாற்றுங்கள். மற்றதற்கு அவரே பதில் சொல்லட்டும். வீட்டுச் செலவுப் பணம், பிள்ளைகள் ஃபீஸ், ஏ.டி.எம். கார்டு இவற்றைத் தனியே பத்திரப்படுத்துங்கள்.

17. தெரியாமல் மருந்து கலக்காதீர்கள். "அவருக்குத் தெரியாமலே குடியை மறக்க வைக்கும் மருந்து" என்ற விளம்பரங்களை நம்பிச் சாம்பாரில் பொடி கலப்பவர்கள் உண்டு. அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மருத்துவர்கள் கொடுக்கும் டைசல்பிராம் மாத்திரையைக்கூட நோயாளியின் சம்மதம் இல்லாமல் கொடுக்கக் கூடாது. அதைச் சாப்பிட்டவர் தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். நல்லது நினைத்துச் செய்த கை கொலைப்பழி சுமக்க வேண்டாம்.

18. அடியைப் பொறுக்காதீர்கள். நோய் என்பதால் வன்முறையை ஏற்க வேண்டியதில்லை. கை ஓங்குகிறார் என்றால் பிள்ளைகளோடு போய் இருக்க ஓர் உறவினர் வீட்டையோ பக்கத்து வீட்டையோ முன்பே பேசி வையுங்கள். ஆதார், பள்ளிச் சான்றிதழ், பாஸ்புக் ஒரே பையில் இருக்கட்டும். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அதே வீட்டில் பாதுகாப்போடு இருக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

19. பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள், தூதும் அனுப்பாதீர்கள். கடைக்குப் போய் அப்பாவைக் கூட்டிவரச் சொல்வது, பாட்டில் வாங்கிவரச் சொல்வது கூடவே கூடாது. "அப்பாவுக்கு ஒரு நோய் இருக்கு. அதுக்கு நீ காரணம் இல்ல. டாக்டர்கிட்ட காட்டப் போறோம்" என்று வயதுக்கேற்பச் சொல்லுங்கள். தன்னால்தான் அப்பா குடிக்கிறார் என்ற நினைப்பைப் பல பிள்ளைகள் வெளியே சொல்லாமல் சுமக்கிறார்கள்.

சிகிச்சைக்கு எங்கே, எப்படி?

20. பக்கத்திலேயே தொடங்குங்கள். திருவொற்றியூர் தேரடியிலோ காலடிப்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் வண்ணாரப்பேட்டையில் இறங்கி ஆட்டோவில் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போய்விடலாம். காலையில் ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று கேளுங்கள். கல்லீரல், வயிற்றுப் பிரிவும் அங்கேயே இருக்கிறது. கூடுதல் சிகிச்சைக்கு, 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. அதன் பெயரைக் கேட்டுக் கூச வேண்டாம், போதை மீட்புக்கும் அங்கே சிகிச்சை உண்டு. 2025-ல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு, மறுவாழ்வு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. ஆலைத் தொழிலாளி என்றால் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சொல்லி, மனநல மருத்துவரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள்.

21. போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டியவை. ஆதார், பழைய மருந்துச் சீட்டுகள், ஸ்கேன் முடிவுகள், நீங்கள் குறித்து வைத்த குடி அளவு, கடைசியாகக் குடித்த நாளும் நேரமும். வலிப்பு வந்ததுண்டா, சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா உண்டா, வேறு போதைப்பொருளோ தூக்க மாத்திரையோ பழக்கமா, சாக வேண்டும் என்று பேசியதுண்டா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் எதிரில் அவர் அளவைக் குறைத்துச் சொல்வார். சண்டை போடாமல், எழுதி வைத்ததை நீட்டுங்கள்.

22. என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் வரை உடம்பைத் தெளியவைக்கும் கட்டம். நடுக்கமும் வலிப்பும் வராமல் இருக்க மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், தயமின் ஊசி போடுவார்கள். பலரும் இதோடு "தெளிஞ்சிட்டார்" என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள். உண்மையான சிகிச்சை இதற்குப் பிறகுதான். குடி வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள், ஆலோசனை, குடும்பத்தோடு பேச்சு, மாதாமாதம் வரச்சொல்லும் தொடர் கண்காணிப்பு. சர்க்கரை நோய்க்குப் போவதுபோல் இதற்கும் விடாமல் போக வேண்டும்.

23. தனியார் மறுவாழ்வு மையத்தைக் கண்ணால் பார்த்துச் சேருங்கள். மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. பதிவுச் சான்று மாட்டியிருக்கிறதா, மனநல மருத்துவர் யார், செவிலியர் உண்டா, இரவில் வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனை என்று கேளுங்கள். நோயாளியைப் பார்க்கவும் போனில் பேசவும் விடமாட்டோம் என்றாலோ, "ஆள் அனுப்பித் தூக்கிட்டு வந்துடுவோம்" என்றாலோ, அடித்துத் திருத்துவதாகச் சொன்னாலோ அந்த வாசலைத் தாண்டாதீர்கள். அடியால் இந்த நோய் போகாது.

24. குடும்பமும் சிகிச்சைக்குப் போக வேண்டும். கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் இருக்கும் அதன் டி.டி.கே. மருத்துவமனை, நோயாளியோடு குடும்பத்துக்கும் தனியே வகுப்பும் ஆலோசனையும் நடத்துவதைச் சிகிச்சையின் பகுதியாகவே வைத்திருக்கிறது. இந்தப் பணிக்காக அவருக்கு 1992-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. தூக்கம் போய், கோபம் ஏறி, யாரிடமும் சொல்ல முடியாமல் வாழ்ந்த மனைவிக்கும் தாய்க்கும் மருந்து வேண்டும். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் சென்னையில் தமிழிலும் நடக்கின்றன. கட்டணம் இல்லை, பெயரை வெளியில் சொல்லமாட்டார்கள். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற தனிக்கூட்டம் உண்டு. குடியை விட்ட ஒருவர் தன் வாயால் சொல்வது, நாம் நூறு முறை சொல்வதைவிட ஆழமாக இறங்கும்.

திரும்பி வந்த பிறகு

25. ஆபத்தான நாட்களையும் நேரங்களையும் முன்பே திட்டமிடுங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கும் பழைய வேட்கையை எழுப்பும். சம்பள நாளில் எதிரில் போய் நின்று சேர்ந்து வீட்டுக்கு வாருங்கள். பழைய கடை இருக்கும் தெருவை விட்டு வேறு வழியில் வரட்டும். காதுகுத்து, கல்யாணம், சாவு வீடு என்றால் சாப்பிட்டுவிட்டுப் போய், சீக்கிரம் திரும்புங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வேலையில்லாமல் குடி கூடும் காலமாகிவிடலாம். அதையே மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறும் காலமாக மாற்றுங்கள். டைசல்பிராம் சாப்பிடுகிறவர் அரிஷ்டம், ஆல்கஹால் உள்ள இருமல் டானிக், வாய் கொப்பளிக்கும் மருந்து எதையும் தொடக் கூடாது. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேகம் உடம்பில் இருக்கும். லாரி, கிரேன் ஓட்டுகிறவர் மருந்தால் தூக்கம் வருகிறதா என்று டாக்டரிடம் கேட்ட பிறகே வண்டியை எடுக்கட்டும்.

26. மறுபடி குடித்துவிட்டால் முதல் நாளிலேயே திரும்பப் போங்கள். வழுக்கி விழுவது இந்த நோயில் நடக்கக்கூடியதுதான். "எல்லாம் வீணாப்போச்சு" என்று சொன்னால் அந்த அவமானத்துக்கே இன்னும் குடிப்பார். எங்கே, யாரோடு, என்ன நினைப்பில் கை நீண்டது என்று டாக்டரிடம் சொன்னால் அடுத்த தடுப்பு அங்கிருந்து தொடங்கும். இந்த எண்களைப் பீரோ கதவில் ஒட்டி வையுங்கள்: போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்சுக்கு 108.

நோய் முற்றும் வரை காத்திருந்து, "அவரா மனசு வெச்சாத்தான்" என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லிப் பலரை இழந்துவிட்டோம். பிடிவாதத்தோடு, அரைமனதோடு வந்தவர்களும் சிகிச்சையில் தேறியிருக்கிறார்கள். அதனால் அவர் முழு மனதோடு சம்மதிக்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்று அளவைக் குறியுங்கள், நாளை ஒரு எண்ணுக்குப் போன் செய்யுங்கள், இந்த வாரம் ஒரு ஓ.பி. சீட்டு போடுங்கள்.